சாவி யாரிடம்

2020இல் கல்லூரி மூடிக் கிடந்த மாதங்களில் சங்க அகப்பாடல்களை ஒரு செல்போனைப் பார்த்தபடி நடத்தினேன். இளங்கலைத் தமிழ், இரண்டாமாண்டு. வருகைப்பதிவேட்டில் முக்கால்வாசிப் பெயர்கள் பெண்களுடையவை. திரையில் வந்த பெயர்கள் வேறு: ‘கார்த்தி மாஸ்’, ‘அப்பா ஜியோ’, ‘அண்ணா 2’, ‘போர்வெல் மாமா’. எந்த ஆண்பெயருக்குள் எந்தப் பெண் இருக்கிறாள் என்று கண்டுபிடிப்பதிலேயே முதல் பத்து நிமிடம் போய்விடும். அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டுவதில்லை என்ற மரபை நடத்திக்கொண்டிருந்தேன். எதிரே அந்த மரபு தானாகவே நடந்துகொண்டிருந்தது.

அந்த வகுப்பில் நான்கு பேர் மட்டும் ஒரே நொடியில் வருவார்கள், ஒரே நொடியில் மறைவார்கள். ஒரு வாரம் கவனித்துவிட்டுக் கேட்டேன். “நாங்க நாலு பேரும் ஒரே திண்ணைலதாங்க மேடம் இருக்கறோம்” என்றாள் ஒருத்தி. மல்லசமுத்திரம் பக்கம் ஓர் ஊர். அவளுடைய அண்ணன் போர்வெல் வண்டியில் வடக்கே போயிருந்தான். பழைய போனை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அந்த ஒரு போனுக்கு மட்டும் ரீசார்ஜ். மற்ற மூவரும் தங்கள் வீட்டிலிருந்து கிடைத்த போனைக் கொண்டுவந்து அவளுடைய ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொள்வார்கள். காசை நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். 2021 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது; ஏப்ரல் வரைக்கும், சுமார் 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு. நால்வரில் இருவருடைய சிம் கார்டு வந்த அன்றே தம்பிகளின் போனுக்குள் போய்விட்டது. திண்ணை தொடர்ந்தது.

அவளுடைய ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயர் ‘கோழிப்பண்ணை’. ஏன் என்று கேட்டேன்.

“எம்பேர வெச்சா தெருப்பசங்க போன எடுத்துட்டு வந்து பக்கத்துல நின்னுக்குவாங்க மேடம். கோழிப்பண்ணைன்னா எவனும் எட்டிப் பாக்கமாட்டான்.”

தன் இணைப்பை அக்கம்பக்கத்தோடு பகிர்ந்துகொள்வதற்கு உலகில் ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தேடிப் படித்தது இந்தத் திண்ணையால்தான். படிக்கப் படிக்க, அந்த வரலாற்றில் யார் எங்கே நிற்க வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது என்னை உறுத்தியது.

அது வழக்கமாக அமெரிக்காவில் தொடங்கும். 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைத் துண்டுகளை உரிமம் இல்லாமலேயே தகவல்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. வேறு யாருக்கும் வேண்டாத குப்பை அலைவரிசைகள் அவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் துண்டில் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சல் நிறைந்திருக்கும். ஆகவே அதை விற்க முடியாது, சும்மா கொடுக்கலாம் என்பது கணக்கு. இன்று நாம் வைஃபை என்று சொல்லும் எல்லாம் அந்தச் சமையலறை இரைச்சலுக்கு நடுவில் பிறந்தவை. (வைஃபையின் தாய் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் என்று மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் ஒரு படம் என் போனுக்கு வரும். 1942இல் அலைவரிசை தாவும் முறைக்கு இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலோடு சேர்ந்து அவர் காப்புரிமை பெற்றது உண்மை. அதிலிருந்து வைஃபைக்கு நேர்க்கோடு போடுவது மிகை. ஒரே ஒரு தாயைக் கண்டுபிடித்துக் கோயில் கட்டிவிட்டால் மற்ற பெண்களைத் தேட வேண்டியதில்லை என்பதால் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.)

2000இல் சியாட்டிலிலும் லண்டனிலும், 2001இல் நியூயார்க்கிலும் தன்னார்வக் குழுக்கள் தோன்றின. வீட்டு இணைப்பை ஜன்னல் வழியாகத் தெருவுக்குத் திறந்துவிடுவது, பூங்காவில் உட்கார்ந்திருப்பவர் காசு கொடுக்காமல் இணையம் பார்ப்பது என்பதுதான் தொடக்கம். என்.ஒய்.சி. வயர்லெஸ் குழுவின் முயற்சியில் 2002இல் மன்ஹாட்டனின் பிரையன்ட் பூங்காவில் இலவச வைஃபை வந்தது. ஸ்பெயினின் கத்தலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்ஃபி வலைப்பின்னல் கிராமப்புறத்திலிருந்து வளர்ந்தது. தொலைபேசி நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத பண்ணை வீடுகள் தாமே கம்பம் நட்டுக்கொண்டன.

பெர்லின் கதை சுவையானது. இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தபின் கிழக்கு பெர்லினின் பல பகுதிகளில் அன்றைய நவீனக் கண்ணாடி இழை வடத்தைத் தொலைபேசிக்காகப் புதைத்தார்கள். சில ஆண்டுகளில் செப்புக் கம்பி வழியாக வேக இணையம் வந்தபோது, செப்புக் கம்பி இல்லாத அந்தப் பகுதிகளுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. முன்னேறியதாலேயே பின்தங்கிய தெருக்கள். அங்கிருந்தவர்கள் கூரைக்குக் கூரை, தேவாலயக் கோபுரத்துக்குக் கோபுரம் ஆன்டெனா வைத்து ஒருவர் இணைப்பை இன்னொருவருக்குக் கடத்தினார்கள். ஃப்ரைஃபுங்க் என்ற அந்த இயக்கம் இன்றும் இருக்கிறது.

அதன் படங்களில் நான் பார்த்தவரை கூரைமேல் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் அந்த இயக்கத்தின் மூளைக்குள் ஒரு பெண் இருந்தார். எலெக்ட்ரா என்று அறியப்படும் அவர், 2006 வாக்கில் ‘பேட்மேன்’ என்ற வலைப்பின்னல் நெறிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவர். (ஒரு பெண் முன்நின்று செய்ததற்கு வௌவால் மனிதனின் பெயர், சரி, இருக்கட்டும்.) அதற்கு முந்தைய முறையில் ஒவ்வொரு பெட்டியும் ஊர் முழுவதன் வரைபடத்தையும் தனக்குள் வைத்திருக்க வேண்டும். வலை பெருக்கப் பெருக்கப் பெட்டி திணறும். பேட்மேனில் எந்தப் பெட்டிக்கும் முழு வரைபடம் தெரியாது. ‘நான் இருக்கிறேன்’ என்று ஒவ்வொன்றும் அவ்வப்போது குரல் கொடுக்கும். பக்கத்துப் பெட்டிகள் அதைக் கேட்டு அடுத்ததற்குச் சொல்லும். தூரத்துப் பெட்டியின் குரல் எந்தப் பக்கத்து வீட்டு வழியாக நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும் ஒவ்வொன்றும் நினைவில் வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். சங்க இலக்கியத்தில் இதற்கு அம்பல், அலர் என்று பெயர். உதட்டுக்குள் முணுமுணுப்பது அம்பல், ஊரறியப் பரவுவது அலர். மன்றத்திலும் பொதியிலிலும் உட்கார உரிமையில்லாத பெண்கள், முழு ஊரின் வரைபடம் கையில் இல்லாமலே, யார் வழியாகச் சொன்னால் யாருக்குப் போகும் என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு நடத்திய வலைப்பின்னல் அது. உரையாசிரியர்கள் அதைப் பழிதூற்றல் என்று ஒதுக்கினார்கள்.

நியூயார்க், பெர்லின் என்று போகும் இந்த வரிசையில் நமக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஊரின் பெயர் வருவதே இல்லை. வந்தாலும் வேறு தலைப்பின் கீழ், ‘வளர்ச்சி’ என்ற தலைப்பின் கீழ் வரும். புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூர். 1998இல், அதாவது சியாட்டில் குழுவுக்கு இரண்டு ஆண்டு முன்பே, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு அங்கே ஒரு தகவல் நடுவத்தை அமைத்தது. சுற்றியிருந்த ஊர்களில் தொலைபேசிக் கம்பிகளை நம்ப முடியாது. ஆகவே இருவழி வானொலிக் கருவிகளைக் கணினியோடு மோடம் மூலம் பூட்டினார்கள். வில்லியனூரிலிருந்து எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்குத் தரவு காற்றில் போனது. மின்வெட்டுக்குச் சூரிய மின்தகடு. வைஃபை இல்லைதான். ஆனால் கம்பியில்லாதது, இலவசமானது, ஊராரே நடத்தியது. 1999இல் அந்தக் கம்பியில்லா அமைப்புக்கு மோட்டோரோலா நிறுவனத்தின் பரிசும், 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தன.

ஏற்பாடு இப்படி: ஊர் ஓர் அறை தர வேண்டும், ஆட்களைத் தர வேண்டும். நிறுவனம் கருவியும் பயிற்சியும் தரும். அறை எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்க வேண்டும். ஆட்கள் என்று வந்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். எம்பலத்தில் பெண்களே நடத்தினார்கள். பள்ளி முடித்து வீட்டில் இருந்தவர்கள், மணமானவர்கள். தமிழ் விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்று 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடிப் பேசிய அதே காலத்தில், இந்தப் பெண்கள் எம்பலத்தில் உட்கார்ந்து அரசுத் திட்டங்கள், வறுமைக்கோட்டுப் பட்டியல், நெல் விலை, பேருந்து நேரம், யாரிடம் எந்தச் சான்றிதழ் வாங்குவது என்பதையெல்லாம் தமிழில் தட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்க் கணிமை வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். பாடத்தில் மாநாடு இருக்கிறது, எம்பலம் இல்லை.

2000இல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர் எம்பலத்துக்கு வந்து எழுதினார். அதில் ஒரு பசு வருகிறது. பல நாளாகக் கன்று ஈன முடியாமல் கிடக்கிறது. சேதி மையத்துக்குப் போக, அங்கே கணினியிலிருந்து பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவர்களின் பட்டியலை எடுக்கிறார்கள். மருத்துவர் வந்து கன்றை இழுத்தெடுக்கிறார். உலகப் பத்திரிகைக்கு அது வேடிக்கை. மாட்டின் வயிற்றை நம்பியிருக்கும் வீடுகள் எங்கள் பக்கமும் உண்டு. பால் சொசைட்டிக் காசு ஒன்றுதான் பெண் கைக்கு வரும் காசு என்பதால் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

எம்பலத்து மையம் ஒரு கோயில் கட்டடத்தில் இருந்தது. ஒரு கதவு சாமிக்கு, பக்கத்துக் கதவு கணினிக்கு. படிப்பவர்களுக்கு அழகான காட்சிதான். நான் அங்கே நின்றுவிட்டேன். கோயில் கொடுத்த இடம் என்றால் கோயிலின் கணக்கும் கூடவே வரும். மாதத்தில் மூன்று நாள் அந்தப் படியை மிதிக்காத பெண் அந்த மூன்று நாளும் எங்கே போயிருப்பாள்? மையத்தை நடத்தியவளே ஒரு பெண் என்னும்போது, அவளுடைய மூன்று நாள் கணக்கை யார் பார்த்துக்கொண்டார்கள்? ஓர் இணைப்பு எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்பதை ஆன்டெனாவின் உயரம் தீர்மானிக்கும். எத்தனை பேரை எட்டும் என்பதை, அது வைக்கப்பட்ட அறையின் வாசல் தீர்மானிக்கிறது.

‘தன்னார்வலர்’ என்ற சொல்லிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பெர்லினில் கூரை ஏறியவரும் தன்னார்வலர், எம்பலத்தில் தட்டச்சு செய்தவளும் தன்னார்வலர். முன்னவருக்குப் பகலில் சம்பளம், மாலையில் ஓய்வு, அந்த ஓய்வில் செய்தது தொண்டு. பின்னவளுக்குத் தொண்டு பகல் முழுவதும். வீட்டில் தொண்டு, அதிலிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்கி வந்து மையத்தில் தொண்டு. வரலாறு எழுதும்போது முன்னவர் ‘நிறுவனர்’ ஆகிறார். பின்னவள் ‘பயனாளி’ ஆகிவிடுகிறாள். பயன் அடைந்தவள் என்று! அந்த அறையைத் தினமும் திறந்தவள் அவள். அவள் வந்தால்தான் மையம், வராத நாளில் அது பூட்டிய அறை.

கடலோர வீராம்பட்டினத்தில் மையம் வேறு வேலை செய்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக்கடலின் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் ஒலிக்கும். போர்க்கப்பல்களுக்காகக் கணித்த அலையைக் கட்டுமரத்துக்காரர்கள் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள்.

தெற்கே நல்லவாடு என்ற மீனவ ஊரிலும் அப்படியொரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முன்பு அந்த மையத்தில் தன்னார்வலராக இருந்த ஓர் இளைஞர் அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுமத்ரா நிலநடுக்கச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது சகோதரி. தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றார் அவர். உடனே வெளியேறு, எல்லோரிடமும் சொல் என்றார் இவர். சேதி வாய்வழியே ஓடியது. மையம் பூட்டியிருந்தது, கதவை உடைத்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகளும் படகுகளும் போயின.

தகவல் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று இதை உலகெங்கும் மேற்கோள் காட்டினார்கள். எனக்கு அதில் இணையத்தைவிட மற்றவை பெரிதாகத் தெரிகின்றன. ஒரு போன், அதை எடுத்த ஒரு பெண், ஓடிச் சொன்ன வாய்கள், ஒரு பூட்டு. உதட்டிலிருந்து ஊருக்கு, அம்பலிலிருந்து அலருக்கு. கடைசியில் மட்டும் ஒலிபெருக்கி.

நம் நாட்டில் வானலையைத் தொட அரசின் அனுமதி வேண்டும். கம்பியில்லாக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம் என்றது 1933ஆம் ஆண்டுச் சட்டம். 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் துண்டை வெளியிடங்களிலும் உரிமமில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டார்கள். அமெரிக்கா திறந்து இருபது ஆண்டு கழித்து. மொட்டைமாடி ஆன்டெனாக்களுக்கு அப்போது வழி பிறந்தது. நான்கே ஆண்டில் அடைபட்டது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளின்போது வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் யாரோ ஒருவருடைய பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது: வைஃபை பூட்டியிருக்க வேண்டும், பயன்படுத்துபவர் யார் என்று பதிவாக வேண்டும். ஜெர்மனியிலும் இதே தொல்லை இருந்தது. திறந்த இணைப்பில் அந்நியர் செய்யும் தவறுக்கு வீட்டுக்காரர் பொறுப்பு என்ற சட்டம். ஃப்ரைஃபுங்க்காரர்கள் போக்குவரத்தை ஸ்வீடன் வழியாகச் சுற்றிவிட்டுச் சமாளித்தார்கள். 2017இல் அந்தச் சட்டம் தளர்ந்தது. நமக்குத் தளரவில்லை. இந்தியாவில் இலவசப் பொது வைஃபை என்றால் முதல் கேள்வி இதுதான்: உங்கள் செல்போன் எண்?

2017இல் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ‘அம்மா வைஃபை’ வந்தது. சென்னை மெரினா உழைப்பாளர் சிலை, கோவை, மதுரை, திருச்சிப் பேருந்து நிலையங்களோடு முதல் ஐந்து இடங்களில் சேலமும் ஒன்று. நாளுக்கு 20 நிமிடம் இலவசம். நாமக்கல் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு மாலை நானும் முயன்றேன். எண் கேட்டது, கொடுத்தேன், குறுஞ்செய்தி வந்தது, இணைந்தது. சுற்றிலும் தூணுக்குத் தூண் பையன்கள் போனோடு சாய்ந்திருந்தார்கள். பெண்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்து வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேருந்து நிலையத்தில் நின்று போனைப் பார்ப்பதற்கு ஒரு பெண்ணுக்கு இருபது நிமிடம் யார் கொடுப்பார்கள்? எண்ணும் யாருடையது? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1. எங்கள் பக்கத்து நூற்பாலை விடுதிகளில் முன்பணத் திட்டத்தில் இருக்கும் பெண்கள் போன் வைத்திருக்கவே கூடாது என்று சொன்ன ஆலைகள் உண்டு. நாமக்கல்லின் முட்டை விலை தினமும் பண்ணைக்குப் பண்ணை, லாரிக்கு லாரி தவறாமல் போய்ச் சேர்கிறது. வேண்டுமென்றால் தகவல் போகும் ஊர்தான் இது.

இங்கே என் கதையையும் சொல்லிவிட வேண்டும்.

2016இல் நான் வேலை பார்த்த கல்லூரியில் பெண்கள் விடுதிக்கு உதவிக் காப்பாளர். விடுதிக்கு வைஃபை வந்தது. ரூட்டரைக் காப்பாளர் அறையின் மர அலமாரிக்குள் வைத்தார்கள். சாவி என்னிடம். அந்த ஆண்டு ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண், தன் படத்தை உருமாற்றி யாரோ ஃபேஸ்புக்கில் போட்டதால் உயிரை விட்டாள். படம் போட்டவனைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் பெற்றோர்கள் இணையத்தைப் பற்றிப் பேசினார்கள். இரவு ஒன்பது மணிக்கு வைஃபையை நிறுத்துவது என்று தீர்மானம். ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒன்றும் இல்லை. நான் எதிர்த்துப் பேசவில்லை. பெண்ணியக் கவிதைகள் எழுதுகிறவள், கையெழுத்துப் போட்டேன். பயமாக இருந்தது. அன்று எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு பூட்டு.

ஓர் இரவு பத்தரை மணிக்கு ஒரு மாணவி கதவைத் தட்டினாள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசி நாள். பகலில் தளம் திறக்கவில்லை, ராத்திரியில் கூட்டம் குறைவாக இருக்கும் என்றாள். “காலைல முதல் வேலையாப் போட்டுக்கலாம் கண்ணு” என்று அனுப்பிவிட்டேன். காலையில் தளம் படுத்துக்கிடந்தது. மாலைவரை எழவில்லை. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆனது.

2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பி.வி. ஆஷா ஒரு தீர்ப்பு வழங்கினார். கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி, மாலை ஆறிலிருந்து பத்துவரை போனை ஒப்படைக்க வேண்டும் என்ற விடுதி விதியை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்டிருந்தாள். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி, அவளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார் நீதிபதி. அந்தத் தீர்ப்பை அச்செடுத்துக்கொண்டு எங்கள் விடுதிக் குழுவுக்குப் போனேன். “அது கேரளாங்க மேடம்” என்றார் ஒருவர். ஒன்பது மணி பத்து மணி ஆனது. அலமாரி அப்படியே இருந்தது. நான் உதவிக் காப்பாளர் பொறுப்பிலிருந்து விலகி அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. சாவி வேறொரு பெண்ணிடம்.

பாதுகாப்பு என்ற பேச்சைப் பொய் என்று நான் தள்ளமாட்டேன். கோழிப்பண்ணை என்று பெயர் வைத்தவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவள் கதவைப் பூட்டாமல் பெயரை மாற்றினாள். மத்தியப் பிரதேசத்தில் சந்தேரி என்றொரு நெசவு ஊர் உண்டு. 2010இல் டெல்லியின் டிஜிட்டல் எம்பவர்மென்ட் ஃபவுண்டேஷன், இன்டர்நெட் சொசைட்டியோடு சேர்ந்து ஊருக்குள் கம்பியில்லா வலைப்பின்னலை அமைத்து, அதை நிறுவவும் பழுதுபார்க்கவும் உள்ளூர்க்காரர்களையே பழக்கியது. பின்னால் பெண்களுக்கென்றே தனிப் பயிற்சித் திட்டமும் தொடங்கியது. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை என்று தறிச்சத்தம் ஓயாத ஊர்கள் நம்மிடம் எத்தனை. அறுந்த இழையை ஓடும் தறியிலேயே முடிச்சுப் போடும் விரல்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த பி.எம்.வாணி திட்டத்தில் பெட்டிக்கடைக்காரர்கூட உரிமமின்றி வைஃபை தரலாம். ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்த பெண்களைப்போல வைஃபை வைக்கும் பெண்களை நான் கற்பனை செய்துகொள்கிறேன். ராசிபுரத்தில் நான் படித்தபோது அப்படியொரு பூத்துக்கார அக்கா இருந்தார். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே பேசும் பெண்ணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அந்த முதுகு கொடுத்த அந்தரங்கத்தை எந்தப் பேருந்து நிலையத்துப் பெட்டியும் கொடுக்காது.

திண்ணைக்கு வருகிறேன். பருவத்தேர்வை வீட்டிலேயே எழுதி, படமெடுத்து, ஏற்ற வேண்டியிருந்த சமயம். நால்வருக்கும் முதல் தாள் ஏறவில்லை என்று போன் வந்தது. மறுநாள் பேருந்து பிடித்துப் போனேன். என் போனுக்கு அங்கே சிக்னல் வரவில்லை. அவள் கோழிப்பண்ணையைக் காட்டிக் கடவுச்சொல்லைச் சொன்னாள்: நான்கு பேருடைய வரிசை எண்ணும் அடுத்தடுத்து. “ஒருத்தி மறந்தாலும் மத்தவளக் கேட்டாத்தாங்க மேடம் தெறக்கும்” என்றாள். அவளுடைய அம்மா மோர் கொடுத்தார். நான் திண்ணையில் உட்கார, அவர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திரும்ப ஏற்றினார்கள். இருட்டும்வரை ஆயிற்று.

போன வருடம் ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். வேகத்தடைக்காக வண்டி மெதுவான இடத்தில் என் போன் லேசாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ‘கோழிப்பண்ணை – இணைக்கப்பட்டது.’ அவள் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாள். போன் தங்கையிடம் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றவில்லை. ஜன்னல் வழியாகத் திண்ணையைத் தேடுவதற்குள் வண்டி வேகமெடுத்துவிட்டது. அடுத்த திருப்பத்தில் இணைப்பும் போய்விட்டது.